கொல்லைப்புறத்து ஆட்கள்: வாசகர் கேள்வி-பதில்

வீட்டைச் சுற்றி இருக்கும் செடி, கொடி, பூச்சி, பறவை பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் ஒரு வரி போட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்குமேல் எந்தக் காட்டுக்குப் போகலாம், எங்கே தங்கலாம் என்று கேட்டவை. அவற்றைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். செருப்பு மாட்டாமல் பார்க்க முடிந்தவை மட்டும் இந்த முறை.

கேள்வி: வேளச்சேரியில் மூன்றாவது மாடி வீடு. ஒரே ஒரு பால்கனி, அதிலும் பாதியை வாஷிங் மெஷின் பிடித்துக்கொண்டது. சுற்றிலும் கட்டடம். வருஷத்துக்கு ஒருமுறை வேடந்தாங்கல் போனால் உண்டு. எனக்கெல்லாம் இயற்கை ஏது சார்?
(மாடிவீட்டுக்காரர், சென்னை)

மூன்றாவது மாடி ஒரு குறையே இல்லை. கீழ்வீட்டுக்காரர் மரத்தின் அடியைத்தான் பார்ப்பார், உங்களுக்கு உச்சி கண்ணுக்கு நேரே வரும், கூடு கட்டுவதும் சண்டை போடுவதும் ஜோடி சேர்வதும் அங்கேதான். தவிர வேளச்சேரியில் உட்கார்ந்துகொண்டு இயற்கை ஏது என்கிறீர்கள்! பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் பக்கத்திலேயே இருக்கிறது, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்தது. அங்கே போகச் சொல்லவில்லை, சாயங்காலம் ஆறு மணிவாக்கில் தலையை மேலே தூக்கிப் பாருங்கள், கொக்கும் நீர்க்காகமும் அரிவாள் மூக்கனும் அடையப் போகிற நேரம் அது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: தினமும் அதே பால்கனி, ஏறக்குறைய அதே நேரம், பத்து நிமிஷம், கையில் காபி இருக்கலாம், போன் வேண்டாம். முதல் வாரம் பெரிதாக ஒன்றும் தெரியாது. காக்கா, புறா, எதிர்வீட்டு மாமா. அப்புறம் காக்காவிலேயே இரண்டு வகை இருப்பது தெரிய வரும், கழுத்து சாம்பலாக இருந்தால் வீட்டுக்காக்கை, முழுக்கக் கறுப்பு, அலகும் கனம் என்றால் அண்டங்காக்கை. ஐப்பசி, கார்த்திகையில் ஒயரில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் சின்னப் பறவைகள் தகைவிலான்கள், குளிர்காலத்துக்கு வந்து போகிறவை. கிட்டத்தட்ட அதே உருவம், ஆனால் எந்நேரமும் பறந்துகொண்டே இருக்கிறது, ஒயரில் உட்காரவே காணோம் என்றால் அது பனை உழவாரன், அதன் கால் தொற்றிக்கொள்ளத்தான் ஆகும், கம்பியில் நிற்க ஆகாது. பனையோலையின் அடிப்புறத்தில் எச்சிலால் இறகை ஒட்டிக் கூடு கட்டும். உங்கள் பக்கம் பனை மிச்சம் இருக்கிறதா என்று இப்படியும் கண்டுபிடிக்கலாம்.

பெயர் தெரியவில்லையே என்று திகைத்து நிற்காதீர்கள். முதலில் அது என்ன பண்ணுகிறது என்று பாருங்கள்: எதைத் தின்கிறது, யாரைக் கண்டு பயப்படுகிறது, ஏன் அந்த ஒரே கிளைக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. பெயரை யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். இதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: தொட்டியில் வைத்த கறிவேப்பிலையைப் புழு மொட்டையடிக்கிறது. முதலில் குருவி எச்சம் போல இருந்தது, இப்போது பச்சையாக, விரல் தடிமனுக்கு ஆகிவிட்டது. தொட்டால் தலையிலிருந்து சிவப்பாக எதையோ நீட்டுகிறது. என்ன மருந்து அடிக்கலாம்?
(இல்லத்தரசி, கும்பகோணம்)

மருந்து கேட்டு எழுதினீர்கள், ஆனால் இந்தக் கட்டில் இருந்த கடிதங்களிலேயே நன்றாகப் பார்த்து எழுதியது உங்களுடையதுதான். எச்சம் போல இருந்தது, பிறகு பச்சையானது, சிவப்பாக எதையோ நீட்டுகிறது, மூன்றையும் கவனித்துவிட்டீர்கள். மிச்சத்தை நான் சொல்கிறேன்.

அது பட்டாம்பூச்சியின் புழு. கறிவேப்பிலை அழகி அல்லது எலுமிச்சை அழகி, இரண்டில் ஒன்று. எலுமிச்சை, நாரத்தை, வில்வம், கறிவேப்பிலை எல்லாம் ஒரே குடும்பம், இந்த இரண்டு பட்டாம்பூச்சிகளின் பிள்ளைகளுக்கும் அந்தக் குடும்பத்துச் சாப்பாடுதான் வேண்டும். தாய் வந்து இலையைக் காலால் தட்டித் தட்டிப் பார்க்கும், அதற்கு ருசி தெரிவது காலில். சரியான செடி என்று தெரிந்ததும் கொழுந்தில் ஒவ்வொன்றாக வெளிர்மஞ்சள் முட்டை வைத்துவிட்டுப் போகும், கடுகைவிடச் சின்னதாக. பொரித்து வருகிற புழு கரும்பழுப்பும் வெள்ளையுமாக, பார்க்கிற குருவிக்குத் தன் எச்சமே காய்ந்து கிடக்கிறது என்று தோன்றும்படி இருக்கும். ஆனால் வளர வளர இந்த வேஷம் செல்லாது, விரல் தடிமனுக்கு எச்சம் போடுகிற குருவி ஏது? அதனால் கடைசி முறை தோல் உரிக்கும்போது பச்சைக்கு மாறி இலையோடு இலையாகிவிடுகிறது. முன்பக்கம் இரண்டு கண் தெரிகிறதே, அவை கண் இல்லை, வெறும் புள்ளிகள், நிஜத்தலை அதற்குக் கீழே குனிந்திருக்கிறது. சிவப்பாக நீட்டுவது கொம்பும் இல்லை, கொடுக்கும் இல்லை, கவையாகப் பிரிந்த ஒரு சதை. முகர்ந்து பாருங்கள், நெடி வரும், எறும்பை விரட்டத்தான் அது. உங்கள் விரலை ஒன்றும் செய்யாது.

கறிவேப்பிலை அழகியில் இன்னொரு கூத்து இருக்கிறது. ஆண் ஒரே மாதிரிதான், கறுப்பில் வெள்ளைப் பட்டை. பெண்ணில் மட்டும் பல உருவம். ஒருவகை ஆண் போலவே இருக்கும், மற்றவை சிவப்புப் புள்ளிகளோடு வேறு இரண்டு பட்டாம்பூச்சிகளின் உருவத்தை எடுத்துக்கொண்டிருக்கும். அந்த இரண்டும் ஆடுதின்னாப்பாளை இனத்துச் செடிகளைத் தின்று வளர்ந்தவை, உடம்பெல்லாம் நஞ்சு, ஒருமுறை வாயில் வைத்த பறவை மறுபடி கிட்டே போகாது. நம் கறிவேப்பிலை அழகியிடம் நஞ்சு எதுவும் கிடையாது, சட்டையை மட்டும் கடன் வாங்கித் தப்பிக்கிறது. இதெல்லாம் உங்கள் துணி காயப்போடும் இடத்தில் நடக்கிறது.

சரி, செடிக்கு என்ன வழி? பெரிய மரமாக இருந்தால் கவலையே வேண்டாம், திரும்பத் துளிர்த்துவிடும். சின்னத் தொட்டிச் செடி என்றால் ஒன்றிரண்டு புழுவை விட்டுவிட்டு மற்றதை இலையோடு கிள்ளி எலுமிச்சை மரம் இருக்கிற வீட்டில் கொண்டுபோய் விடுங்கள். மருந்து அடித்தால் அந்த இலையைத்தானே நாளைக்குத் தாளிக்கப் போகிறீர்கள்? விட்டுவைத்த புழு ஒருநாள் காணாமல் போகும். பக்கத்தில் கொடிக்கம்பியிலோ சுவரிலோ குச்சியிலோ தேடுங்கள், இடுப்பில் ஒரு நூலைக் கட்டிக்கொண்டு சாய்ந்து நிற்கும். சுமார் பத்துப் பன்னிரண்டு நாளில், பெரும்பாலும் காலை நேரத்தில், பட்டாம்பூச்சி வெளியே வரும். சில சமயம் அதற்குப் பதிலாகக் குட்டிக் குளவிகள் வரும், அவற்றின் தாய் உள்ளே முட்டை வைத்துவிட்டுப் போயிருக்கும், பொரித்து வந்தவை உள்ளேயே தின்று முடித்திருக்கும். அதைப் பார்த்து மனசு உடைந்துபோகாதீர்கள், நீங்கள் கேட்ட புழு மருந்து அதுதான்.

கேள்வி: அரணை கடித்தால் மரணமா?
(பள்ளி மாணவர், விருதுநகர்)

இல்லை. அதற்கு விஷமே கிடையாது. எதுகை நன்றாக அமைந்துவிட்டது, அதுதான் அரணை செய்த பாவம்.

கேள்வி: ஐப்பசி மழைக்கு முன்னால் எங்கள் கொல்லையில் ஒரு குருவி. பச்சை முதுகு, இறக்கையில் நீலம், வயிற்றுக்கடியில் சிவப்பு, வாலே இல்லாத மாதிரி இருந்தது. தரையில் குதித்துக் குதித்து இலைச்சருகைப் புரட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் காணோம். யாருடைய வளர்ப்புப் பறவையாவது தப்பி வந்ததா?
(ஓய்வு பெற்ற ஆசிரியர், ஸ்ரீரங்கம்)

வளர்ப்புப் பறவை இல்லை ஐயா, ஆறுமணிக்குருவி. தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். கோடையில் இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே வருகிறது, இலங்கை வரைக்கும் போகும். புரட்டாசி, ஐப்பசியில் வந்து சித்திரை வாக்கில் திரும்பும். காலையிலும் மாலையிலும் மங்கல் வெளிச்சத்தில் இரண்டு சுரத்தில் விசில் அடிக்கும், ஆறு மணிப் பெயர் அப்படி வந்தது.

இராத்திரியில் பறக்கிற பறவை. விடியும்போது எங்கே பசுமை தெரிகிறதோ அங்கே இறங்கும், அந்தக் காலை அது உங்கள் கொல்லையாக இருந்திருக்கிறது. அங்கே சருகு குவிந்து கிடந்தது, சருகுக்கு அடியில் புழு பூச்சி இருந்தது, அதனால் ஒருநாள் தங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போயிற்று. தினம் பெருக்கிச் சிமெண்ட் தரை போல வைத்திருக்கும் தோட்டத்தில் அதற்கு ஒன்றும் கிடைக்காது. ஆகவே அந்த மூலையை மட்டும் பெருக்காமல் விடுங்கள், வீட்டில் கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.

இந்தப் பருவத்தில் ஆறுமணிக்குருவி கண்ணாடி ஜன்னலில் மோதி மயங்கி விழுவதும் உண்டு. விழுந்தால், ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து வைத்து, மூடி, சத்தமில்லாத இடத்தில் கொஞ்ச நேரம் விடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், புரை ஏறிவிடும். தெளிந்ததும் மரம் இருக்கும் பக்கமாகப் பெட்டியைத் திறந்து வைத்தால் அதுவே போய்விடும்.

கேள்வி: ஒன்பது வயசுப் பையன். லீவு விட்டால் போன்தான். ஆசையாக ஒரு பறவைப் புத்தகம் வாங்கிக் கொடுத்தேன், திறக்கவே இல்லை. எப்படி ஆர்வம் வர வைப்பது?
(அம்மா, திருப்பூர்)

புத்தகத்தை அவன் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். "இது என்ன பறவை சொல்லு பார்ப்போம்" என்று கேட்பதையும் நிறுத்திவிடுங்கள், பள்ளிக்கூடத்தில் படுகிற பாடு போதாதா அவனுக்கு.

குழியானை பிடிக்கக் கற்றுக்கொடுங்கள். நீங்கள் பிடித்திருப்பீர்கள், உங்கள் அம்மாவும் பிடித்திருப்பார். மழை படாத பொடிமண் இருக்கிற இடம், தாழ்வாரத்து ஓரம், கோயில் மண்டபம், கார் ஷெட்டின் மூலை, அங்கெல்லாம் சின்னச் சின்னப் புனல் குழிகள் இருக்கும். ஓர் எறும்பு விளிம்பில் கால் வைத்தால் மண் சரியும், அது ஏறப் பார்க்கும், அடியிலிருந்து மண்ணை வாரி மேலே அடிப்பான் ஒருத்தன், எறும்பு உருண்டு நேரே அவன் கொடுக்கில் போய் விழும். பையன் அரைமணி நேரம் எழுந்திருக்க மாட்டான். குழியை மெதுவாக ஊதினால் ஆள் வெளியே தெரிவான், உள்ளங்கையில் விட்டால் பின்பக்கமாகவே நடப்பான். வளர்ந்தபிறகு இவன்தான் தட்டான் மாதிரி நீளமான இறக்கையோடு இராத்திரியில் விளக்கைத் தேடி வருகிறான். புழுவாக இருக்கும் காலம் முழுக்க ஒருதரம்கூட வெளிக்குப் போவதில்லை, எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பெரியவனானதும்தான் கழிக்கும். ஒன்பது வயசுப் பையனுக்கு இந்தத் தகவல் ஒன்றே போதும், தெரு முழுக்கப் போய்ச் சொல்லுவான்.

இராத்திரிக்கு டியூப்லைட் இருக்கிறது. எந்தப் பல்லிக்கு எந்த இடம், யார் யாரைத் துரத்துகிறார்கள், யாருக்கு வால் முளைத்துக்கொண்டிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பெயர் அவனே வைப்பான்.

கேள்வி: போனை நீட்டினாலே செடி, பறவை, பூச்சி எல்லாவற்றுக்கும் பெயர் சொல்கிறதே, இனிமேல் எதற்காகக் கற்றுக்கொள்ள வேண்டும்? பைனாகுலர் வேறு அவசியமா?
(ஐ.டி. ஊழியர், கோயம்புத்தூர்)

பறவைக் குரலுக்கு மெர்லின், மற்ற எதுவானாலும் ஐநேச்சுரலிஸ்ட், இரண்டுமே இலவசம், நானும் வைத்திருக்கிறேன். குறை ஆப்பில் இல்லை. பெயர் கிடைத்த அந்த நொடியே கண் விலகிவிடுகிறது பாருங்கள், அதுதான் தொல்லை. ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு அப்புறம் போனை எடுங்கள். ஆப்பையும் அப்படியே நம்ப வேண்டாம். கரிச்சான் இருக்கிறதே, நம் இரட்டைவால் குருவி, அது வல்லூறின் குரலில் கத்தி மைனாக்களை ஓடவைத்துவிட்டு அவை விட்டுப்போன இரையை எடுத்துக்கொள்ளும். மைனாவே ஏமாறும்போது போன் ஏமாறாதா?

பார்ப்பதைப் பதிந்து வைக்க ஆசை என்றால் 2015-இலிருந்து தமிழ்நாட்டில் பொங்கல் சமயத்தில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, மொட்டைமாடியில் குறைந்தது 15 நிமிஷம் நின்று, கண்டதையும் கேட்டதையும் இபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பட்டியலாகப் போட்டால் நீங்களும் சேர்ந்தாயிற்று. அபூர்வப் பறவைதான் வேண்டும் என்பதில்லை, காக்காவும் கணக்கு.

பைனாகுலர் இப்போதைக்கு வேண்டாம். மூன்று மாதம் கழித்தும் ஆசை இருந்தால் 8x42 என்று போட்டிருப்பதை வாங்குங்கள், எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மி.மீ. என்று அர்த்தம். பெரிய நம்பர் பார்த்து மயங்காதீர்கள், கை நடுக்கத்தையும் சேர்த்தே பெரிதாக்கும்.

கேள்வி: நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்தேன். "இன்று காகம், மைனா, அணில்" என்று எழுதுவதோடு நின்றுவிடுகிறது. வேறென்ன எழுதுவது?
(கல்லூரி மாணவி, மதுரை)

பட்டியலை விட்டுவிட்டு "முதல்" என்பதை மட்டும் எழுதிப் பாருங்கள். இந்த வருஷம் முதல் குயில் என்றைக்குக் கூவியது? மார்கழியில் அது ஏறக்குறைய வாயே திறக்காது, மாசி, பங்குனியில் ஆரம்பித்துவிடும். கூவுவது கறுப்பு ஆண், பெண் பழுப்பில் வெள்ளைப் புள்ளியோடு இருக்கும், அதன் குரல் கிக்கிக்கிக் என்று ஒரு பதற்றம். குயில் சத்தம் அதிகமாகிற அதே சமயத்தில் காக்காக்கள் குச்சி பொறுக்க ஆரம்பித்திருக்கும், அதையும் தேதியோடு எழுதுங்கள், முட்டை எந்த வீட்டுக்குப் போகிறது என்று நோட்டே சொல்லும். ஆனி, ஆடியில் வேப்பம்பழம் உதிரும்போது, காக்காயிடம் வாயைத் திறந்து கேட்டு வாங்கித் தின்கிற ஒரு குஞ்சு காக்காய்க் குஞ்சாகவே இல்லை என்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

மரத்துக்கும் இது பொருந்தும். தெருவில் ஒரு புங்கமரத்தைத் தேர்ந்தெடுத்து வாரம் ஒருமுறை இரண்டு நிமிஷம் நின்று பாருங்கள், கொழுந்து, முற்றிய இலை, மொட்டு, பூ, காய், ஒவ்வொன்றும் இல்லையா, கொஞ்சமா, நிறையவா, அவ்வளவுதான். சீசன்வாட்ச் என்ற திட்டத்தில் நாடு முழுக்க இதைத்தான் செய்கிறார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான் அதிகம். சென்னையில் இருந்த மா. கிருஷ்ணன் 1950-இலிருந்து 1996-இல் இறக்கும்வரை ஓர் ஆங்கில நாளிதழில் இயற்கை பற்றிப் பத்தி எழுதினார், யானையும் புலியும் வந்த அதே பத்தியில் வீட்டுக்காக்கையும் அணிலும் அதே மரியாதையோடு வந்துபோயின. நாற்பத்தாறு வருஷம் தீராத விஷயம் உங்கள் நோட்டில் ஒரு வாரத்தில் தீர்ந்துவிடாது.

கேள்வி: எங்கள் தெருக் காலிமனையில் எருக்கும் ஆமணக்கும் மண்டிக் கிடக்கின்றன. பாம்பு வருகிறது, ஜேசிபி விட்டு வழிக்க வேண்டும் என்று குடியிருப்போர் சங்கத்தில் பேசுகிறார்கள். எனக்கு மனசில்லை, ஆனால் எதிர்த்துப் பேச என்ன காரணம் சொல்வது?
(சங்கத்தின் துணைச் செயலாளர், திருநெல்வேலி)

பாம்பு எலிக்காக வருகிறது, எலி குப்பைக்காக வருகிறது, குப்பையைப் போடுகிறவர்கள் உங்கள் சங்கக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். இதை முதலில் சொல்லுங்கள். குப்பையை அள்ளிவிட்டு, நடைபாதை ஓரமாக நாலடி அகலத்துக்குச் செடியை வெட்டி, மீதியை விடலாம் என்று கேட்டுப் பாருங்கள். சீமைக்கருவேலம் முளைத்திருந்தால் அதைத் தாராளமாகப் பிடுங்கட்டும், அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

எருக்கு என்ன தருகிறது என்று காட்ட வேண்டுமானால் அவர்களில் இரண்டு பேரை ஒரு காலையில் கூட்டிக்கொண்டு போங்கள். பூவில் கறுப்பாகத் தடியாக ஒரு வண்டு ரீங்காரமிட்டுக்கொண்டு வரும், அது தச்சுத் தேனீ, எருக்கு காய்க்க அது வந்தாக வேண்டும். இலையடியில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வளையங்களோடு புழு இருந்தால் அது வெந்தய வரியன் பட்டாம்பூச்சியுடையது, எருக்கம்பாலின் நஞ்சையே உடம்பில் சேர்த்துக்கொண்டு பறவைகளிடமிருந்து தப்பிக்கிறது. தண்டில் அப்பியிருக்கும் மஞ்சள் அசுவினி, அதைத் தின்னவரும் பொறிவண்டு, நீலமும் மஞ்சளுமாக வரி போட்ட வெட்டுக்கிளி, எல்லாம் ஒரே செடியில். கூட்டத்தில் பேசுவதைவிட இது வேலை செய்யும். செய்யாமலும் போகலாம், மனை இன்னொருவருடையதுதானே.

கேள்வி: ஜன்னல் ஓரத்தில் குளவி மண்கூடு கட்டியிருக்கிறது. குளவி கூடு கட்டினால் வீட்டில் விசேஷம் என்கிறார் மாமியார், உடைக்கவே கூடாதாம். பெயிண்ட் அடிக்க ஆள் வருகிறார்கள், என்ன செய்ய?
(மருமகள், நாமக்கல்)

விசேஷம் குளவி வீட்டில்தான். ஈரமண்ணை உருட்டிக்கொண்டு வந்து அறை அறையாகக் கட்டுகிறது, ஒவ்வொரு அறையிலும் சிலந்திகளைக் கொட்டி அசையாமல் ஆக்கி அடுக்கி, ஒரு முட்டை வைத்து வாயை மூடிவிடுகிறது. சிலந்தி செத்திருக்காது, செத்தால் கெட்டுவிடுமே. சில வகைகள் சிலந்திக்குப் பதில் பச்சைப்புழுவை அடைக்கும். இந்தக் குளவி தனியாள், கூட்டமாக வந்து கொட்டுகிற கதண்டு கிடையாது, நீங்கள் கையால் பிடித்தாலொழிய கொட்டாது.

கூட்டின் மேல் வட்டமாக ஓட்டை தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் பிள்ளைகள் வளர்ந்து வெளியே போய்விட்டன என்று அர்த்தம், சுரண்டி எடுத்துவிட்டுப் பெயிண்ட் அடிக்கலாம், மாமியாரும் ஒன்றும் சொல்ல மாட்டார். ஓட்டை இல்லையென்றால் பெயிண்டரை அந்த ஒரு ஜன்னலை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.